வலது பக்கத்து ஒன்றரைச் சுற்று

அன்புள்ள அக்கா,

உங்கள் வண்டியை நேராக்கிய அன்றைக்கு இருந்தவர்கள் நான்கு பேர்: நீங்கள், நான், என் வீட்டுக்காரர், மெக்கானிக் முத்து. என் கணக்கு நோட்டில் அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே அப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஆடிக் கிருத்திகைப் பாயசத்துக்குப் போன தடவை எவ்வளவு வெல்லம் போட்டோம் என்று பார்க்க நேற்று நோட்டைப் புரட்டினேன். குப்பென்று கிரீஸ் வாசனை. பக்கத்தின் அடியில் உங்கள் கட்டைவிரல் ரேகை, கறுப்பாக, ஒரு கோடு விடாமல்.

ஒரகடம் ஹாஸ்டல்களுக்குத் தண்ணீர் கேன் போடும் உங்கள் பிக்கப் வண்டியை மறக்க முடியுமா? அந்த வருஷத்து மழையில் சர்வீஸ் ரோட்டில் இரண்டு முறை தண்ணீருக்குள் நின்றுபோனது என்று வண்டியைப் பட்டறையில் கொடுத்து மொத்தமாக உயர்த்தி வாங்கி வந்தீர்கள். உயர்த்தியவர்கள், பாரம் ஏற்றுகிற வண்டியாயிற்றே என்று பின்சக்கரங்களுக்கு மேல் பாரம் தாங்குகிற வில் பட்டையைக் கூடுதலாகப் போட்டுவிட்டார்கள். முன்பக்கம் அந்த அளவுக்கு ஏறவில்லை. குனிந்து கோலம் போடுகிற மாதிரி நிற்கிறதே என்று நான் சொன்னதற்கு, "கோலம் இல்ல மே, உன் முருகனுக்கு சாஷ்டாங்கமா வுயுந்து கும்புடுது பாரு" என்றீர்கள்.

கும்பிட்ட வண்டிதான் என்னை அழ வைத்தது. வீட்டுக்காரருக்கு கம்பெனியில் வேலை நிரந்தரமானால் ஆடிக் கிருத்திகைதோறும் வல்லக்கோட்டை முருகனுக்கு ஓர் அண்டா பாயசம் என்று வேண்டியிருந்தேன். முதல் வருஷமே வண்டியில் அண்டா முன்பக்கம் சாய்ந்தபடியே வந்தது. ஒரு வேகத்தடையில் கால்வாசிப் பாயசம் கேபின் சுவரில். முருகனுக்கு முன்னால் ஈ எறும்புக்குப் படைத்தவள் நான்தான். "அழாத மே. அடுத்த ஆடிக்கு ஒரு சொட்டு கொட்டாது. அப்படிக் கொட்டிச்சின்னா நான் வண்டி ஓட்டறத வுட்டுடறேன்" என்று நீங்கள் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

அடுத்த ஆடிக்குப் பத்து நாள் முன்பு, முத்துவின் வார விடுமுறையன்று, எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினீர்கள். முத்து அளவு டேப்பைத் தன் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். நான் ஜாக்கெட் தைக்கிற இஞ்ச் டேப்பைக் கொடுத்தேன். முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறுக்குக் கம்பி, அதன் கடைசியில் ஒரு போல்ட், போல்ட்டை இறுக்கினால் அந்தப் பக்கம் எழும்பும் என்று அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். ஜாக்கி போட்டுத் தூக்கினான், இறுக்கினான், இறக்கினான். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்தால், முன்னும் பின்னும் ஒரே கணக்கு! வீட்டுக்காரர் அவசரப்பட்டுத் தேங்காயே உடைத்துவிட்டார்.

தெருக்கோடி வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தீர்கள். வண்டி மறுபடியும் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

"என் தப்புதான்க்கா" என்று முத்து தலையைச் சொறிந்தான். "ஜாக்கிய எறக்குன ஒடனே அளந்துட்டேன். வண்டி கொஞ்ச தூரம் உருண்டாத்தான் சரியா உக்காரும்."

"கல்யாண வூட்டு சம்பந்தி மாதிரி இன்னா பிகு பண்ணுது பாரு. உக்கார வைக்கவே ரெண்டு ரவுண்டு சுத்தணுமா?" என்றீர்கள். வீட்டுக்காரர் உடைத்த தேங்காயைப் பார்த்தார். "சட்னி அரைச்சிடலாம்" என்றேன்.

முத்து மறுபடியும் இறுக்கி, வண்டியை உருட்டிவிட்டு அளந்து, முன்னையும் பின்னையும் சமமாக்கினான். அப்புறம்தான் பாரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முருகனுக்கென்று எடுத்து வைத்த அண்டாவை கிரீஸ் கைபட விடமாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. அண்டா நிற்கும் இடத்தில் உங்கள் தண்ணீர் கேன் மூன்றை வைத்துவிட்டு, ஓட்டுகிற இடத்தில் ஏறி உட்கார்ந்தீர்கள். முத்து வலதுபக்கம் அளந்தான். மறுபடியும் அளந்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா. வலது பக்கம் அரை இஞ்ச் எறங்குது. நீங்க எத்தனை கிலோன்னு சொன்னா..."

"கிலோ கேட்ட, கீய குதிச்சி உன் கால்லயே நிப்பேன்."

என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க வீட்டுக்குள் ஓடினார். ஆள் இறங்கினால் சரியாகத்தான் இருக்கும், அப்படியே விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். நீங்கள் ஸ்டியரிங்கை விடவில்லை. "நின்னுகினு கீற வண்டி நேரா இருந்து யாருக்கு மே லாபம்? ஓட்றவங்க ஏறினப்புறம் நேரா இருக்கணும்" என்றீர்கள். அதனால் உங்களை உட்கார வைத்தே அளந்து, வலது போல்ட்டை மட்டும் கூடுதலாக ஒன்றரைச் சுற்று இறுக்கினான் முத்து. நான் எழுதினேன்: "வலது, கூடுதல் ஒன்றரைச் சுற்று. காரணம்: அக்கா." எட்டிப் பார்த்துவிட்டு, "அத்த அடி மே மொதல்ல" என்று கட்டைவிரலால் தேய்த்தீர்கள். எழுத்து அழியவில்லை. ரேகைதான் பதிந்தது.

அந்தக் கிருத்திகையில் ஒரு சொட்டு கொட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், பாயச வரிசையில் இரண்டு தரம் நின்றீர்கள். "எங்க ஆளு கோச்சிக்க மாட்டாரு. பக்கத்து வூட்டுக்காரர் தானே குடுக்கறாரு" என்றீர்கள். அதற்கடுத்த இரண்டு ஆடியும் அப்படியே.

இந்தப் பங்குனியில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். ஒரு வாரம் கழித்து உங்கள் மகள் வந்து, "நின்னே கெடந்தா கெட்டுப்போவும், ஆன்ட்டி. நீங்களே ஓட்டுங்க" என்று சாவியைக் கையில் வைத்தாள். விற்காத மனைப் பிரிவுகளின் காலி ரோட்டில் நானாகவே ஓட்டிப் பழகி, லைசென்ஸும் எடுத்துவிட்டேன். பழகும்போது இடித்த மூன்று கம்பங்களுக்கு மட்டும் என்னை நன்றாகத் தெரியும்.

போன வாரம் வேறொரு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, வல்லக்கோட்டை வரை வெள்ளோட்டம் போனேன். கோயில் வாசலில் இறங்கிப் பார்த்தால் இடது ஓரமாகத் தண்ணீர் வழிந்து, வண்டியின் அந்தப் பக்கத்துத் தட்டி நனைந்திருக்கிறது. வந்ததும் முத்து அளந்தான். நான் ஏறி உட்கார்ந்த பிறகும் வலது பக்கம் தூக்கல். நான் நாற்பத்தெட்டு கிலோதானே அக்கா.

"அஞ்சு நிமிச வேலைக்கா. அந்த ஒன்றரைச் சுத்த எறக்கிட்டா நேராயிரும்" என்றான்.

இருடா என்றேன். வீட்டுக்காரர், "ரெண்டு தண்ணி கேன மடியில வெச்சிக்கினு ஓட்டேன், அக்கா உக்காந்த கணக்கு வந்துடும்" என்றார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபிறகும் முத்து வண்டிக்கு அடியில் போகவில்லை. ஸ்பேனரைத் துணியில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டுப் போனான்.

உங்கள் எடையை எழுத நீங்கள் விடவே இல்லை. நம் வண்டியில் அது ஒன்றரைச் சுற்றாக இருக்கிறது. தினமும் ஏறும்போது வலது பக்கம் கொஞ்சம் உயரமாக, நீங்கள் இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி நிற்கிறது. ஓட்டுகிறவர் ஏறினால் நேராக இருக்க வேண்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். ஸ்பேனர் பூஜை அலமாரியில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நோட்டில் இன்றைய தேதி போட்டு, "வலது" என்று எழுதி, மீதியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

கிருத்திகைக்கு இன்னும் நான்கு நாள். இறக்கட்டுமா அக்கா, வேண்டாமா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.