சட்டைப்பையில் ஊதிய சங்கு

பௌர்ணமி, சனிக்கிழமை இரவு

கிரிவலப் பாதையில் இன்று என் சட்டைப்பைக்குள் சங்கு ஊதியது. போனை நான் சைலன்ட்டில்தான் வைத்திருந்தேன். மூவுலகும் அதிர்ந்தது. முன்னும் பின்னும் லட்சம் பேர் மலையைப் பார்த்து "அரோகரா" என்று கைகூப்பினார்கள். ஈசனே அழைத்துவிட்டான் என்று நானும் கும்பிட்டேன்.

கூட வந்த அண்ணன் மகள் கவிதா போனை வாங்கிப் பார்த்தாள்.

"சைலன்ட்ல போட்டா ரிங்டோன்தான் வாய மூடும் சித்தப்பா, அலாரம் மூடாது. சித்தி வெச்சிருக்காங்க. 'சுகர் மாத்திரை'னு போட்டிருக்கு, பாருங்க."

மறந்தால் கால் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்த மாத்திரை. நான் அதை மறந்து நாலு யுகம் இருக்கும். பையைத் துழாவினேன். போனுக்கு அடியிலேயே மாத்திரையும் இருந்தது. விழுங்கிவிட்டு மிச்சப் பாதையையும் நடந்தேன்.

வீட்டை விட்டு நகராமலே லட்சம் பேரைக் கும்பிட வைத்தவள் இதோ பக்கத்தில் குறட்டை விடுகிறாள். பேனாவை மெதுவாகத்தான் ஓட்டுகிறேன்.