நீ சொல்லச் சொன்ன ஒரு வார்த்தை

இன்று காலை கீழ்வீட்டில் சத்துமாவுக்குக் கேழ்வரகு வறுத்தார்கள். அந்த வாசனை மாடிக்கு ஏறி வந்ததும், செய்துகொண்டிருந்த வேலையை விட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஐயம்பேட்டை அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் உன்னை எதிரில் பார்ப்பதுபோல் இருந்தது.

பத்தாவது வரை ஒன்றாகப் படித்தோம். நீ அங்கன்வாடி டீச்சர் ஆனாய். நான் உன் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டு வந்தேன். என் மகனுக்கு ஒன்பது மாதம் இருக்கும்போது, அவன் கண்ணெதிரே கிலுகிலுப்பையைத் துண்டுக்கு அடியில் ஒளித்து வைத்தாய். அவன் துண்டைப் பிடித்து இழுத்தான்.

“பாத்தியா? ரெண்டு மாசம் முன்னாடி மறைச்சா அதோட மறந்துடுவான். இப்ப கண்ணுக்குத் தெரியலன்னாலும் இருக்குதுன்னு புரிஞ்சுக்கினான்” என்று அவனைத் தூக்கி முத்தமிட்டாய்.

மூத்தவள் பவித்ராவுக்கு அப்போது ஐந்து வயது. ஒருநாள் அவள் வரைந்த படத்தைத் தம்பி வாயில் போட்டு மென்றுவிட்டான். “நீ செத்துப் போ!” என்று கத்தினாள். நாம் இருவரும் சிரித்தோம். நான்காம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஒரே வாரத்தில் பிள்ளை போய்விட்டான்.

அவன் போன பத்தாம் நாள் நீ வந்தாய்.

“பவித்ரா யாரோடவும் பேச மாட்டேங்குறா. கோவம் வந்தா கையால வாயப் பொத்திக்கிறா. அவ சொன்னதாலதான் தம்பி போயிட்டான்னு நெனச்சுக்கினு இருக்கா. இந்த வயசுல நெனச்சா நடந்துடும்னு நம்புவாங்கமா. நான் சொன்னா போதாது. நீ கூப்பிட்டு வச்சு ‘உன்னால இல்ல’ன்னு சொல்லு.”

“பெத்துப் பாத்திருந்தா தெரியும் உனக்கு. உன் அங்கன்வாடி பேச்செல்லாம் என்கிட்ட வேணாம்” என்றேன்.

பிள்ளை இல்லாத உன்னிடம் அதைச் சொன்னேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய்.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நீ வருவதற்கு முந்தின நாளே பவித்ரா என் பக்கத்தில் வந்து படுத்து, “அம்மா, நான் நெசமா சொல்லல” என்றாள். எனக்குப் புரிந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதமே செவிலிமேட்டுக்குக் குடிவந்துவிட்டோம். பிறகு ஒருமுறை பேருந்து நிலையத்தில் நீ கையசைத்தாய். நான் பார்க்காததுபோல் பஸ் ஏறினேன். போன ஐப்பசியில் நீ மாரடைப்பில் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டும், உன்னைத் தூக்கிப்போகும் வரை வீட்டுக்குள்ளேயே இருந்தேன். எந்த முகத்தோடு வருவேன்?

பவித்ராவுக்கு இப்போது பதினைந்து. நீ இறந்த சேதியைச் சொன்னபோது அழுதாள். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள்.

“மூணாவது படிக்கிறப்போ கணக்கு மிஸ் சாவணும்னு டெய்லி நெனச்சேன்மா. அவங்க பாட்டுக்கு வந்துக்கினே இருந்தாங்க. அப்பதான் தம்பி நான் சொல்லி சாகலன்னு தெரிஞ்சுது.”

எட்டு வயதில், யாரிடமும் கேட்க வழியில்லாமல், தனியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

“அங்கன்வாடி டீச்சர் அப்பவே சொன்னாங்க. நான்தான் நம்பல. நீ சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். நான் அப்படி நெனச்சது உனக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அந்தப் பொய்யோடு இரண்டு நாள்தான் இருக்க முடிந்தது. மூன்றாம் நாள் அவள் பள்ளிவிட்டு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். நீ வந்ததை, உன்னை நான் பேசியதை, சுவர்ப்பக்கம் திரும்பியதை.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “அப்போ நீயும் என்னாலதான்னு நெனச்சியா?”

“கொஞ்ச நாள்.”

அவள் கத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஒரு வாரம் தேவைக்கு மட்டும் பேசினாள். இப்போது பழையபடி பேசுகிறாள். ஆனாலும் நான் ஏதாவது சொன்னால் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள். அந்தப் பார்வை எனக்கு வேண்டியதுதான். அவள் முன்னால் தினமும் நின்று அதை வாங்கிக்கொள்ளவாவது முடிகிறது. உன் முன்னால் நிற்கத்தான் இனி வழியில்லை.