தேய்க்காத விளக்கு

ஆகஸ்ட் 18, 2024

இன்னும் நாலு வாரத்தில் இவருக்கு அறுபதாம் கல்யாணம், வீட்டிலேயே. பீரோவிலிருந்து வெள்ளியை இறக்கினோம். என் சீரில் வந்த ஜோடிக் குத்துவிளக்கு, தாம்பாளம், சந்தனக் கிண்ணம். எல்லாம் கரிச்சட்டி மாதிரி கறுத்துக் கிடக்கிறது. மகள் பூஜாவின் கல்யாணத்தில் நாத்தனார் புஷ்பவள்ளி பத்துப் பேர் நடுவில், “என்ன மதினி, வெள்ளி வெளக்கா, இரும்பு வெளக்கா?” என்று கேட்டது இன்னும் எரிகிறது. இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கக் கூடாது.

ஆகஸ்ட் 20

பூஜா சென்னையிலிருந்து போனில் வழி சொன்னாள். வெந்நீர், சோடா உப்பு, அலுமினியத் தாள். முக்கி எடுத்தால் போதுமாம். இவர் கேட்டால்தானே? நாற்பது வருடம் மரத்தில் இழைப்புளி தள்ளிய ஆசாரி. “தேய்க்காம வர்றதெல்லாம் ஒரு பளபளப்பா? விபூதியக் கொண்டா” என்று உட்கார்ந்துவிட்டார். தாம்பாளமும் கிண்ணமும் முடிந்தன.

ஆகஸ்ட் 22

ஒரு விளக்கு முடிந்தது. மடியில் கிடத்தி, இடது கையால் பிடித்துக்கொண்டு, பழைய வேட்டித் துணியால் பகல் முழுக்கத் தேய்த்தார். அதில் என் மூஞ்சி அகலமாகத் தெரிகிறதென்று கேலி வேறு.

ஆகஸ்ட் 23

சாயங்காலத்திலிருந்து இடது தோள் குடைகிறது என்கிறார். சோறு இறங்கவில்லை. சட்டையெல்லாம் வியர்வை. “மூணு நாளா வெள்ளியப் போட்டுத் தேய்ச்சீகள்ல, வலிக்காம என்ன செய்யும்?” என்று தைலம் தேய்த்துவிட்டேன்.

“டாக்டரப் பாத்துட்டு வந்துரவா?”

“கைவலிக்கெல்லாமா டாக்டரு? மொத அந்த இன்னொரு வெளக்க முடிங்க.”

சிரித்தார்.

ஆகஸ்ட் 24

விடிவதற்குள் போய்விட்டார். மாரடைப்பாம்.

ஆகஸ்ட் 26

முந்தாநாள் இவர் தலைமாட்டில் ஏற்ற விளக்கு கேட்டார்கள். புஷ்பவள்ளி போய்த் தேய்த்த விளக்கை எடுத்துவந்து வைத்தாள். அத்தனை பளபளப்பு. என்னால பாக்க முடியல. வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள். பூஜாவும் கேட்டாள், “முன்னாடி அப்பா ஒண்ணுமே சொல்லலயாம்மா?”

ஒண்ணுமே சொல்லல என்றேன்.

செப்டம்பர் 3

தேய்த்ததால் வந்த வலிதான் அது. மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்தால் யாருக்குத்தான் வலிக்காது? மாரடைப்பு தனியாக வந்தது. அப்படித்தானே இருக்கும்? அப்படித்தான்.

செப்டம்பர் 15

கல்யாணத்துக்குக் குறித்த நாள். காரியம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள், பூஜா மட்டும் இருக்கிறாள். சும்மா உட்கார முடியாமல் தேய்க்காத விளக்கை எடுத்தேன். இவர் மாதிரியே மடியில் கிடத்தி, இடது கையால் பிடித்துக்கொண்டு, அதே வேட்டித் துணி, அதே விபூதி. முடிக்கும்போது மணி மூன்று. கையைத் தூக்க முடியவில்லை. பூஜா தைலத்தோடு வந்து, “எந்தப் பக்கம்மா வலிக்குது?” என்றாள்.

வலது பக்கம். தேய்த்த கை. இடது தோளில் ஒன்றுமே இல்லை.

இவருக்கு வலித்தது இடது.

பூஜாவிடம் சொல்லிவிட்டேன். இடது தோள், வியர்வை, டாக்டரைப் பார்க்கவா என்று கேட்டது, நான் சொன்ன பதில், எல்லாம். அவள் தைலத்தை மூடிக் கீழே வைத்தாள். உள்ளே போய்த் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.