தோற்றவரும் உட்காரும் மேசை

எதற்கும் தலை குனியாத என் மேரி அக்காவுக்கு,

நீ போன பிறகு நம் துறையில் நடந்ததை யாராவது உனக்குச் சொல்ல வேண்டும். கல்லறைத் திருநாளன்று பூ வைத்துவிட்டுச் சொல்லலாம் என்று வந்தேன். உன் சொந்தக்காரர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள், பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும், மறைக்க இதில் ஒன்றுமில்லை.

சமாதான மேசையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் அக்கா.

உன்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திண்டுக்கல்லில் நாம் இருவரும் வேலை பார்த்த கல்லூரியில், வரலாற்று மாணவர்களை வைத்து வருடந்தோறும் நீ நடத்திய பயிற்சி அது. முதல் உலகப் போர் முடிந்ததும் பாரிஸில் கூடிய மாநாட்டை அவர்கள் நடத்திக் காட்ட வேண்டும். ஒருவர் பிரான்ஸ், ஒருவர் பிரிட்டன், ஒருவர் அமெரிக்கா. ஜெர்மனிக்குப் பேச வேண்டியவர் மட்டும் வராந்தாவில் நிற்க வேண்டும். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. வென்றவர்கள் தமக்குள் பேசி முடித்தார்கள். தோற்றவர்களைக் கடைசியில் கூப்பிட்டு நிபந்தனைகளைக் கையில் கொடுத்து, மறுப்பு இருந்தால் எழுதிக் கொடு என்றார்கள். இந்தியாவின் பெயரிலும் கையெழுத்து விழுந்தது. அந்தக் கை நம்முடையதா, நம்மை ஆண்டவனுடையதா என்று நீ கேட்பாயே.

இருபது வருடத்தில் அடுத்த போர் வந்தது. அந்த உடன்படிக்கைதான் காரணம் என்று யாராவது ஒரே வரியில் முடித்தால் நீ விடமாட்டாய். "காயிதம் தானா துப்பாக்கி தூக்குமா? அந்த அவமானத்தையே சொல்லிச் சொல்லி மேல ஏறுனவன் ஒருத்தன் இருந்தான்ல. அவன ஏற விட்டவங்க இருந்தாங்கள்ல. அதையும் எழுது" என்பாய்.

இரண்டாவது போருக்குப் பிறகு குற்றம் செய்த தலைவர்களைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆனால் மேற்கு ஜெர்மனி எழுந்து நிற்கக் கை கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் தங்கள் நிலக்கரியையும் இரும்பையும் பொது நிர்வாகத்தில் வைத்தன. இன்றைக்கு அந்த இரண்டுக்கும் நடுவே போர் வரும் என்று யாராவது நினைக்கிறார்களா? அதே சமாதானம்தான் வென்ற ஐந்து நாடுகளுக்கு ஐ.நா. பாதுகாப்பு சபையில் நிரந்தர இடமும், பிடிக்காததைத் தடுக்கும் அதிகாரமும் கொடுத்தது. இன்றும் ஊர் எரியும்போது அந்த ஐவரில் ஒருவர் கை தூக்கினால் எல்லாம் நின்றுவிடுகிறது. போரை எப்படி முடிக்கிறோம் என்பது பேரப்பிள்ளைகள் காலம் வரை வரும் என்று நீ சொன்னது இதைத்தானே?

இந்த வருடம் ஜெர்மனிக்குப் பேச வந்தவள் பாண்டீஸ்வரி. அய்யலூர்ப் பிள்ளை. அப்பா சந்தையில் ஆடு வாங்கி விற்பவர். ஒத்திகையில் அவள், "எங்களத் தோக்கடிச்சிட்டீங்க, சரி. மண்டி போட வச்சா எங்க பிள்ளைக மறக்குமா?" என்று பேசியதை ஒருவன் செல்போனில் எடுத்தான். முன்னும் பின்னும் வெட்டி, நம் எதிரி நாட்டுக்கு அவள் பரிந்து பேசுவதாகத் தலைப்புப் போட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாளில் அது ஊரெல்லாம் சுற்றியது. அவளைத் துரோகி என்று எழுதினார்கள். எழுதியவர்களில் பாதிப் பேருக்கு அது எந்தப் போர் என்றே தெரியாது.

கல்லூரிச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். "எதிரிக்குப் பேசக் கத்துக்குடுக்குறதா சொல்றாங்கம்மா. ராணுவத்தைக் கேவலப்படுத்துறதாவும் பேச்சு. நமக்கு எதுக்கு வம்பு? விட்ருங்க."

"சார், ரெண்டாவது போருக்கு அப்புறம் ஜப்பானோட நாம தனியாச் சமாதானம் பண்ணுனப்ப, நஷ்டஈடு வேண்டாம்னு நம்ம நாடுதான் சொல்லுச்சு. அது துரோகமா?" என்றேன்.

"அதெல்லாம் அப்ப" என்று ஃபைலை மூடினார்.

ராணுவத்தைக் கேவலப்படுத்துவதாம். இந்த மேசையைப் போட்டவளே ஒரு ராணுவ வீரனின் மனைவி என்று அவருக்குத் தெரியாதா? உன் வீட்டுக்காரர் சேவியர் அண்ணன் எல்லையில் ஒரு காலை இழந்து வந்தபோது நீ வயிற்றுப் பிள்ளைக்காரி. ஆஸ்பத்திரியில் அவர் முதலில் கேட்டது, "சண்டைய என்னன்னு முடிச்சிருக்காங்க?" என்பதுதான் என்று நீ சொல்லியிருக்கிறாய். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த பயிற்சி இது.

அகரத்தில் உன் வீட்டுக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "காலேஜ்ல எடம் இல்லேன்னா என்ன, நம்ம வீட்டு முன்னால நடத்து. நாற்காலிக்கு நாஞ் சொல்லிர்றேன்" என்றார். தோழியாக நீ எனக்கு அமைந்தது போக, இப்படி ஓர் அண்ணனையும் விட்டுப் போயிருக்கிறாய்.

அதற்குள் பாண்டீஸ்வரியின் அப்பா என் வீட்டுக்கு வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். "டீச்சரம்மா, எம்புள்ளைய விட்ருங்க. சந்தையில ஒரு மாதிரியாப் பேசுறாய்ங்க. நாளைக்கி அதுக்கு மாப்ள பாக்கணும்ல." அவரை எதிர்த்து என்ன சொல்வது? அவர் பயம் பொய்யில்லை. "நீங்க வேண்டாம்னா வேண்டாம்ணே. அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க" என்றேன். அவர் கேட்டிருக்கிறார். அவள், "நான் இப்ப வராம இருந்துட்டா அவங்க சொன்னது நெசம்னு ஆயிரும்பா" என்றாளாம்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த பிறகு, உன் வீட்டு வேப்ப மரத்தடியில் மேசை போட்டோம். பயந்து சிலர் வரவில்லை. வந்தவர்கள் போதும். பிரான்சுக்கு ஸ்டீபன். பாண்டீஸ்வரி விதிப்படி வாசல் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றாள். அண்ணன் செயற்கைக் காலை நீட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

வென்றவர்கள் பேசத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. பாண்டீஸ்வரி உள்ளே வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கூப்பிடாம வரக் கூடாது" என்றான் ஸ்டீபன்.

"கூப்புடுற வரைக்கும் நிக்க மாட்டேன்."

அவன் முகம் சிவந்துவிட்டது. அது நடிப்பில்லை. "எங்க ஊரு வயக்காடு பூராம் குண்டு. வீட்டுக்கொரு சாவு. நீ வந்து சமமா உக்காந்தா எங்க செத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"அந்தப் பதில நான் சொல்லணும். என்னைய வெளிய நிப்பாட்டிட்டு யாருகிட்ட கேப்ப?"

இத்தனை வருடத்தில் நம் மேசையில் இந்த வார்த்தை வந்ததில்லை அக்கா. தோற்றவரை உட்கார வைப்பது இரக்கம் என்றே நானும் இதுவரை சொல்லிக்கொடுத்தேன். உட்கார வைத்தால்தான் கணக்குக் கேட்க முடியும் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டாள்.

பிறகு சண்டைதான். அழித்ததைக் கட்டித் தருகிறேன் என்றாள். எல்லாப் பழியும் எங்களுக்கு மட்டும்தான் என்று எழுத முடியாது என்றாள். மறுபடி எல்லை தாண்ட மாட்டாய் என்பதற்கு என்ன உறுதி என்று ஸ்டீபன் விடாமல் கேட்டான். அதுவும் நியாயமான கேள்விதானே? பொழுது சாயும்வரை ஒன்றும் முடியவில்லை. அண்ணன் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். ஸ்டீபன் தன் டம்ளரோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்குக் கோவம் வரலையா அங்கிள்?" என்று கேட்டான். "இன்னமும் வருது அப்பு. அதுக்காக உன்னைய எல்லைக்கு அனுப்பவா?" என்றார் அண்ணன்.

மகளைக் கூட்டிப் போக வந்த அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எம்புள்ள ஜெயிச்சிருச்சா டீச்சரம்மா?"

"இல்லண்ணே. இன்னும் பேசிக்கிட்டிருக்கு."

"அப்ப வார ஞாயித்துக்கெழமையும் கொண்டாந்து விடணுமா?" என்றார். அலுத்துக்கொள்வது போல்தான் சொன்னார். ஆனால் வண்டியைக் கிளப்பும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது.

துறைத் தலைவர் பதவியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தடையை மீறி நடத்தியதற்கு விளக்கமும் கேட்டிருக்கிறார்கள். வருத்தம் தெரிவித்து நாலு வரி கொடுத்துவிட்டால் விட்டுவிடுவார்களாம். நீ என்றால் என்ன செய்திருப்பாய் என்று நான் யோசிக்கவே இல்லை. நடத்தினேன், இனியும் நடத்துவேன் என்று எழுதி, இன்று காலை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு வேலை இருந்தாலும் போனாலும், இந்த ஊரில் போர் வேண்டும் என்று கத்துகிற ஒவ்வொருவரிடமும், எப்படி முடிப்பாய் என்று கேட்கிற பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

வேறு சாமி கும்பிட்டாலும் உனக்கு என்றும் தங்கச்சியான,
செல்வராணி
சித்தையன்கோட்டை