முதலில் எடுக்கவேண்டிய இலக்கம்

அக்கராயன்,
மாசி மாதம், வியாழக்கிழமை.

அன்பு மகன் ஜனார்த்தனனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுக்கொள்கிறேன். சுகம் என்று போனில் சொன்னால் நீ நம்புவதில்லை, காலைக் காட்டுங்கோ, வீக்கத்தைக் காட்டுங்கோ என்று நிற்கிறாய், அதுதான் கையால் எழுதுகிறேன். அங்கேயிருந்து லீவில் வந்து நிற்கிற ரஜிதா அடுத்த கிழமை பாரிசுக்குத் திரும்புகிறாள், மிளகாய்த்தூளோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். வீக்கம் வற்றிவிட்டது. பாம்பு கடித்த இடத்தில் தோல் கறுத்து உரிகிறது, வேறொன்றும் இல்லை. கிளினிக்குக்கு இன்னும் ஒருதரம் போகவேண்டும்.

போனில் கதைக்க முடியாத விஷயம் ஒன்றும் இருக்கிறது. அப்பாவோ ரூபியோ எப்போதும் பக்கத்தில் நிற்பார்கள். நீ ரூபி அண்ணியோடு கதைப்பதில்லை என்று அண்ணா சொன்னான். என்ர அம்மாவை எனக்குக் காட்டாமல் போனைக் கட் பண்ண அவா ஆர் என்று அவனிடம் கேட்டாயாம். அன்றைக்கு நிலத்தில் கிடந்தவள் நான்தானே, நடந்ததை நானே எழுதுகிறேன், வாசித்துவிட்டு நீயே யோசி.

அன்று பின்னேரம் மாட்டுக்கு வைக்கோல் இழுக்கப் போனேன். அடிப்பக்கத்து வைக்கோலை இழுக்கும்போது கணுக்காலில் முள் ஏறினமாதிரி இருந்தது, குனிந்து பார்த்தால் புடையன் பாம்பு. அது சீறிக்கொண்டு திரும்பவும் உள்ளே போய்விட்டது. எனக்குக் கத்த வரவில்லை. ரூபி, புடையன் கடிச்சிட்டுது என்று மட்டும் சொன்னேன். அவள் குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து என்னை அப்படியே இருத்தி, நடக்காதேங்கோ மாமி, அசையாதேங்கோ என்றாள். அப்பா வந்தார், பார்த்தார், சட்டைப் பைக்குள்ளிருந்து போனை எடுத்தார், எடுத்து உனக்குத்தான் அடித்தார். அதற்கு அவரைக் குறைசொல்ல மாட்டேன். இந்த வீட்டில் கிணற்று மோட்டர் பழுதானாலும் உனக்குத்தானே முதலில் சொல்கிறோம்.

நீ வேலையில் நின்றாய். பின்னால் சட்டி பானைச் சத்தம் கேட்டது. அப்பா சொன்னதும் நீ கத்தி அழத் தொடங்கினாய். அம்மாவைக் காட்டுங்கோ என்றாய், என்ன பாம்பு என்றாய், வான் பிடியுங்கோ, நேரே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோங்கோ என்றாய், பிறகு திரும்பவும் காட்டுங்கோ என்றாய். அப்பா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றார். அக்கம்பக்கத்துச் சனமும் வந்து சேர்ந்து, எல்லாரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கால் நெருப்பாக எரிந்தது. ஒருவர் கயிறு கொண்டுவந்தார், இன்னொருவர் பிளேட் கேட்டார். அம்புலன்சுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சனம் சேர்ந்தபடியால் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

ரூபியின் போனை அண்ணா துணுக்காய்க்குக் கொண்டுபோயிருந்தான். நெல் வெட்டுமெசினோடு போனவன், அவனுடைய போன் தண்ணீரில் விழுந்து பழுது. அதனால் அவள் அப்பாவிடம்தான் கேட்டாள், மாமா போனைத் தாங்கோ, அம்புலன்சுக்கு 1990க்கு எடுக்கவேணும் என்று. பொடியன் அழுறான் பிள்ளை, எப்பிடி வைக்கிறது என்றார் அப்பா. இரண்டாம் தரமும் கேட்டாள். அதற்குப் பிறகுதான் பறித்தாள். மாமனாரின் கையிலிருந்து அவள் ஒரு பொருளைப் பறித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

1990இல் தமிழில்தான் கதைத்தார்கள். என்ன நடந்தது, ஆருக்கு, எந்த இடம், மூச்சு விடுகிறாவா, கதைக்கிறாவா என்று கேட்டார்கள். ரூபி அவசரப்படாமல் மாவட்டம், ஊர், எந்த றோட்டு, பழைய மில்லடிச் சந்தியில் எந்தப் பக்கம் திரும்பவேண்டும், ஒழுங்கை முகப்பில் என்ன மரம் நிற்கிறது என்றெல்லாம் சொன்னாள். இடையில் அப்பா புகுந்து, யோகலிங்கத்தின்ர வீடெண்டு கேட்டால் எல்லாருக்கும் தெரியும் எண்டு சொல்லு என்றார். எங்கிருந்தோ வருகிற டிரைவருக்கு யோகலிங்கத்தை எப்படித் தெரியும்? நீ விடாமல் எடுத்துக்கொண்டிருந்தாய். போன் பீப் பீப் என்றது, ஒவ்வொரு தரமும் அவள் உன் கோலை வெட்டிவிட்டாள். 1990இல் கதைத்தவர் நாங்கள் சொல்லும்வரை வைக்காதேங்கோ என்று சொல்லியிருந்தார். கயிறு கட்டவேண்டாம், வெட்டவேண்டாம், பாம்பைத் தேடி அடிக்கப் போகவேண்டாம், காலை அசைக்காமல் வைத்திருங்கோ, வீங்க முதல் மெட்டியைக் கழற்றுங்கோ என்று அவர் சொல்லச் சொல்ல இவள் எங்களுக்குச் சத்தமாகச் சொன்னாள். கயிறு கொண்டுவந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மெட்டியை அப்பாதான் சவர்க்காரம் போட்டுக் கழற்றினார். கலியாணத்தில் போட்டுவிட்டது. அவர் இழுத்த இழுப்பில் எனக்குக் கடியைவிட அதுதான் நொந்தது.

உன்னுடைய முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை இல்லையென்று நினைக்காதே. ஆனால் அந்த நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்தது ரூபியின் வாயைத்தான். அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

ஒழுங்கை முழுக்கப் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தோம். அம்புலன்ஸ் ஏறாது என்று ரூபி சொன்னபிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது. வந்து நின்ற சனம் படங்கை இரண்டு பக்கமும் பிடித்து நெல்லைக் குவித்து வழிவிட்டது, பாதி நெல் மண்ணோடு போனது, போகட்டும். அப்பா மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போய் ஒரு சாரத்தை ஆட்டிக்கொண்டு நின்று அம்புலன்சைக் கூட்டிவந்தார். அம்புலன்சில் வந்த பிள்ளைகள் இரண்டுபேரும் என்னை நடக்கவிடவில்லை, தூக்கித்தான் ஏற்றினார்கள். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து உறைகிறதா என்று பார்த்தார்கள். உறையவில்லை. உடனே மருந்து ஏற்றினார்கள். இன்னும் பிந்தியிருந்தால் சிறுநீரகத்தைப் பாதித்திருக்கும் என்று டொக்டர் அப்பாவிடம் சொன்னாராம். அப்பா இதை உனக்குச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

இப்போது வீட்டில் சில மாற்றங்கள். குசினிக் கதவில் 1990 என்றும் பொலிசுக்கு 119 என்றும் ரூபி பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள், கீழே எங்கள் விலாசமும் வழியும். பதட்டத்தில் சொந்த விலாசமும் மறந்துபோகுமாம். அப்பாவை வைத்துப் பழக்கினாள், இப்போது அவர் தபால்காரர் வந்தாலும் பழைய மில்லடிச் சந்தியில் இடப்பக்கம் என்று தொடங்குகிறார். என்னுடைய அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பிறசர் குளிசைப் பெயர் எல்லாம் ஒரு பையில் அலுமாரிக்கு வெளியே தொங்குகிறது. சின்னப் போன் ஒன்று எப்போதும் சார்ஜோடு இருக்கிறது, அது அவசரத்துக்கு மட்டும், அதில் சும்மா ஒருவரும் கதைக்கக்கூடாது. வைக்கோல் இழுக்கிறதென்றால் பூட்ஸ் போட்டு, தடியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான். நெல்லை ஒழுங்கையில் ஒரு பக்கம் மட்டும் காயவிடுகிறோம்.

இன்னொன்றையும் முடிவெடுத்திருக்கிறோம். இனி இங்கே என்ன நடந்தாலும் உனக்கு முதலில் எடுக்கமாட்டோம். ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் எடுப்போம். இதை ஒதுக்குவதாக எடுக்காதே. எங்களுடைய இலக்கத்தைக் கண்டால், செய்யவேண்டியதைச் செய்துவிட்டுத்தான் எடுக்கிறார்கள் என்று விளங்கிக்கொள். ரூபிக்கு நீயாகவே ஒரு கோல் எடு. மன்னிப்பெல்லாம் வேண்டாம், சாப்பிட்டீங்களோ அண்ணி என்று கேட்டால் போதும், அவளுக்கு விளங்கும்.

உன்னைப் பற்றியும் யோசித்தேன். அங்கே மருத்துவ அவசரத்துக்கு 15, எதற்கும் 112 என்று ரஜிதா சொன்னாள். உங்களுடைய கட்டடத்தில் கீழ்க்கதவைத் திறக்க ஏதோ இலக்கம் அடிக்கவேண்டுமாம், அதையும் எத்தனையாம் மாடி என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வந்தவர்கள் வாசலில் நிற்பார்களாம். அதையெல்லாம் அந்தப் பாஷையில் தடக்காமல் சொல்லப் பழகு. அறையில் கூட இருக்கிற பொடியனுக்கும் சொல்லிவை. உனக்கு ஏதும் என்றால், மகன், எங்களுக்கு எடுக்காதே. நாங்கள் இங்கே இருந்து அழுவோம், கதவைத் திறந்துகொண்டு வரமாட்டோம். வரக்கூடியவர்களுக்கு முதலில் எடு. அம்மாவுக்கு ஆறுதலாகப் பிறகு சொல்லலாம், நான் பொறுத்திருப்பேன்.

எந்த ஆபத்தும் அண்டாமல் பிள்ளையார் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அன்பு அம்மா,
யோ. பத்மாசனி