பாறைக்கும் தீட்டா?

வியாழன். மதியத்திலிருந்து மழை.
தொழிற்சாலையில் மின்சாரம் போய் தையல் மெஷின் எல்லாம் நின்றது. பக்கத்து மெஷின் புஷ்பா ஆரம்பித்தாள். ஞாயிறு அவளும் கூட்டாளிகளும் பெக்கோக் பக்கம் காட்டுக்குள் ஒரு பாறை வளைவு பார்க்கப் போகிறார்களாம். வேனில் ஓர் இடம் காலி. "வாங்கக்கா. வீட்டுல என்னா செய்யப் போறீங்க லா." சரி என்றுவிட்டேன்.

வெள்ளி. நல்ல வெயில்.
அண்ணிக்கு (என் வீட்டுக்காரருடைய அக்கா) அதற்குள் தெரிந்துவிட்டது. போனில் ஒரே சத்தம்.
"தம்பி போயி இன்னும் வருஷம் திரும்பல. மலை ஏறக் கூடாதுன்னு தெரியாதா?"
"அது மலைக் கோயிலுக்குத்தான் அண்ணி."
"மலைன்னா மலைதான்."
தீபாவளி கொண்டாடவில்லை, சரி. கல்யாணங்களுக்குப் போகவில்லை, சரி. இதுவுமா? அந்த மனுஷனுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். செத்தது அவர், நான் இல்லை. இப்போது அடங்கினால் கடைசிவரை வீட்டுக்குள்ளேதான். போகிறேன்.

சனி. மூட்டம்.
வாங்க வேண்டியவை: ரப்பர் சப்பாத்து, நீளக் காலுறை, அட்டை கடிக்கு உப்பு, ரொட்டி. முட்டிக்குத் தைலம் தேய்த்தாயிற்று.

ஞாயிறு. காலையில் தூறல், பிறகு இல்லை.
சேறு, அட்டை, இரைப்பு. ஏறிவிட்டேன்! வளைவு அவ்வளவு பெரியது. அடியில் சில்லென்று காற்று. ஆனால் அங்கே யாரோ வேல் நட்டு, மஞ்சள் துணி கட்டி, எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருக்கிறார்கள். இவர்கள் முன்பு வந்தபோது இல்லையாம். நம் ஆட்கள் ஒரு கல்லையும் சும்மா விடமாட்டார்கள்.
புஷ்பாவுக்கு முகமே மாறிவிட்டது. "அலமாக், கோயிலாயிருச்சேக்கா. நீங்க இங்கயே உக்காருங்க, நாங்க அந்தப் பக்கம் போயிட்டு வந்திடுறோம்."
உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் அழுகை. இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்? எழுந்து சப்பாத்தைக் கழற்றினேன். வெறுங்காலோடு உள்ளே போய்க் கும்பிட்டேன். அப்படியே மறுபக்கம் போனேன். அந்தப் பக்கம் முழுக்கப் பச்சை, தூரத்தில் அருவிச் சத்தம். வேல் பக்கத்தில் நின்று படம் எடுக்கச் சொன்னேன். வேனில் வரும்போது குடும்ப வாட்சப் குழுவில் நானே போட்டேன்.

திங்கள். மழை. கால் தூக்க முடியவில்லை.
சாப்பாட்டு நேரத்தில் அண்ணி போன். "படத்துல வேல் தெரியுது. அது கோயிலா?"
இல்லை என்று சொல்லச் சொல்லிப் புஷ்பா கையை ஆட்டுகிறாள்.
"ஆமா அண்ணி, கோயில்தான். கும்பிட்டுட்டுத்தான் வந்தேன். வருஷம் திரும்பினதும் நீங்களும் வாங்க, கூட்டிட்டுப் போறேன்."