மலைச்சாமிக்குக் கிழிந்த இலை

அன்பு மகள் நெலிதாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் கோவேறு கழுதைகளும் நலம், லிமாவில் நீயும் உன் தையல் மெஷினும் நலமா? அந்தக் கணக்கில் உன் அப்பாவைச் சேர்க்கவில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை அரேக்கிப்பாவிலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியை அப்பா சோக்கெகிராவ் மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனார், சமைத்துப்போட நானும் போனேன். கோட்டை வாசலில் வழக்கம்போல மலைச்சாமிக்கு மூச்சை ஊதிப் படைக்க மூன்று கோக்கா இலை எடுத்தார். முழு இலையாகப் பொறுக்கி, பளபளப்பான பக்கம் மேலே தெரிய அடுக்குகிற மனுஷன், அன்றைக்குப் பார்த்தால் ஒன்று கிழிசல், இரண்டு குப்புற. "சாமிக்கே கிழிசலா, கஞ்சப் பிசினாறி" என்றேன். "வாய மூடிட்டு வாடி, சாமி ஒன்ன மாதிரி குத்தம் சொல்லாது" என்றார், நானும் சிரித்துவிட்டேன். மேலே போனதும், ஸ்பானியர்கள் குஸ்கோவைப் பிடித்தபோது நம் இன்கா ராசாக்கள் அடங்காமல் இந்த மலைகளுக்குள் நின்று சண்டை போட்ட கதையை, ஏதோ தானே ஈட்டி பிடித்தவர் போல அளந்தார். பிறகு சுவரில் வெள்ளைக் கல்லால் பதித்த லாமா மிருகங்களைக் காட்ட இறங்கினோம், அதற்குள் மூடுபனி ஏறிவிட்டது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்களில் அப்பாதான் முதலில் இறங்கினார், கல்லே இல்லாத இடத்தில் காலை வைத்தார். கீழே அபுரிமாக் ஆற்றின் இரைச்சல். அவர் போர்வையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன், அந்தப் பெண் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டாள். மேலே வந்ததும் "கல்லு கொஞ்சம் நகந்துபோச்சு" என்கிறார். "பூகம்பத்துக்கே நகராத இன்கா கல்லு, ஒன் காலப் பாத்து பயந்து நகந்துச்சா" என்று கேட்டேன், ஆனால் ஊர் வந்து சேரும்வரை அந்தப் போர்வை நுனியை நான் விடவில்லை.

வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன் கண்ணு. தட்டில் உருளைக்கிழங்கோடு ஒரு கூழாங்கல்லையும் வைத்தேன். அதை எடுத்துத் தோலுரிக்கப் பார்த்தார். கல்லை வாங்கிவிட்டு, கிழங்கை நானே உரித்துக் கொடுத்தேன். இந்த வருஷம் சூரியத் திருவிழா அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை அந்தக் கோட்டைக்குக் கூட்டிப்போகும் முறை அவருடையது. ஆஸ்பத்திரி என்றால் "ஒனக்குத்தான் வயசாச்சு, நீ போ" என்கிறார். உன் பேச்சைத் தட்டமாட்டார், திருவிழாவுக்கு முன்னால் வந்து குஸ்கோவுக்குக் கூட்டிப்போய்க் கண்ணைக் காட்டு. நீ வராவிட்டால் ஊர்க் கூட்டத்தில், கழுதைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், அவருக்குக் கண் தெரியவில்லை என்று நானே எழுந்து சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு இந்த ஜென்மத்தில் அவர் என்னோடு பேசமாட்டார். பரவாயில்லை, உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

மலைச்சாமியும் மாதாவும் உன் கூடவே வரட்டும். கம்பளிச் சட்டையை மறக்காதே, குளிர் எலும்பைத் தின்கிறது.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும் அம்மா,
ஃபோர்த்துனாத்தா